யானையின் வயிற்றில்

யந்திரம் கவிதை எழுதுமா என்று இப்போது இலக்கியக் கூட்டங்களில் கேட்கிறார்கள். எழுதாது, அதற்கு இதயம் கிடையாது என்று ஒரு சாரார். எழுதிவிட்டதே, இதோ பாருங்கள் என்று கைபேசியை நீட்டுகிற இன்னொரு சாரார். கவிதை என்றால் என்ன என்பது ஏற்கனவே தீர்ந்துபோன விவகாரம் மாதிரி இரண்டு பேரும் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் கட்சிக்காரர்களின் இதயம் எப்படிப்பட்டது என்று அவர்கள் கவிதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது கட்சிக்கு, வரியை ஒடித்து அச்சடித்ததெல்லாம் கவிதை. யந்திரத்தைப் பற்றித் தொடங்குகிற பேச்சு நம் விமர்சனத்தின் சோம்பலுக்கு சாட்சியமாக முடிந்துபோகிறது.

கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. கொங்குவேளிரின் பெருங்கதையில் வரும் உதயணன் யானையை வசப்படுத்துகிற வித்தை தெரிந்தவன். கோடபதி என்ற அவனுடைய யாழுக்கு மதம் பிடித்த யானையும் அடங்கும். அவனைப் பிடிக்க நினைத்த உச்சயினி அரசன் பிரச்சோதனன் ஒரு பொய் யானையைச் செய்து காட்டில் நிறுத்திவைத்தான். அதன் வயிற்றுக்குள் வீரர்கள். உதயணன் போனான், பிடிபட்டான். (பெருங்கதையின் இந்த முற்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்த நூல் தலையும் வாலும் இல்லாதது. பாசனின் வடமொழி நாடகம் போன்றவற்றிலிருந்துதான் கதையை நிரப்பிக்கொள்கிறோம்.)

இதில் எனக்கு விசேஷமாகப் படுவது ஏமாந்தவன் யார் என்பது. யானையையே பார்த்திராத ஒரு வழிப்போக்கன் ஏமாந்திருந்தால் அது கதையாகியிருக்காது. யானையை அறிந்தவன், அறிந்ததனாலேயே ஏமாந்தான். யானை எப்படி நிற்கும், காது எப்படி அசையும் என்று அவன் மனசில் இருந்த சித்திரத்தை அளவெடுத்துத்தான் அந்தப் பொம்மையைத் தைத்திருக்கவேண்டும்.

1950-இல் ஆலன் டூரிங் ‘மைண்ட்’ என்ற தத்துவ ஏட்டில் எழுதிய கட்டுரை, யந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை அர்த்தமற்றதென்று ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு விளையாட்டை வைத்தது. மறைவில் இருப்பது யந்திரமா மனிதனா என்று, எழுத்தில் வரும் பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு விசாரணை செய்பவன் பிரித்துச் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் யந்திரத்துக்கு வெற்றி. அதே கட்டுரையில் அவர் ஒரு மாதிரி உரையாடல் தருகிறார். ஒரு பாலத்தைப் பற்றி ஸானட் எழுதச் சொல்கிறான் விசாரிப்பவன். தனக்குக் கவிதை எழுத வராது என்று மறுமுனையிலிருந்து பதில் வருகிறது. மனிதன் என்று நம்பவைக்க இதைவிட நல்ல பதில் கிடையாது என்று டூரிங் நினைத்திருக்கலாம். நம்மவர்களில் யாராவது இந்தப் பதிலைச் சொல்லி நான் கேட்டதில்லை.

டூரிங்கின் விளையாட்டில் அளக்கப்படுகிறவன் விசாரிப்பவன்தான். ஏமாற்றம் என்பது ஏமாந்தவனைப் பற்றிய செய்தி. ஆனால் உதயணன் கதையில் இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது: யானை பொய், வயிற்றுக்குள் இருந்தவர்கள் பொய்யில்லை. குதித்து வந்து கையைக் கட்டியவர்கள் ரத்தமும் சதையுமான ஆட்கள்.

2022 நவம்பரிலிருந்து ஊரெல்லாம் பேசுகிற இந்தப் புதிய யந்திரங்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. அவை வேலை செய்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதர்கள் எழுதிவைத்ததை மலைமலையாகத் தின்னக் கொடுத்து, ஒரு துண்டு எழுத்துக்குப் பிறகு எந்தத் துண்டு வரக்கூடும் என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். பழகிய யந்திரம் ஊகித்துக்கொண்டே போகிறது. காதலித்தவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள், பழைய உரையாசிரியர், நேற்று வலைப்பூவில் புலம்பியவர் எல்லாரும் அதன் வயிற்றுக்குள் இருக்கிறார்கள். எனக்கு வலிக்கிறது என்று அது எழுதினால் அந்த வாக்கியம் உள்ளே இருக்கிற யாரோ ஒருவருடையது. எனக்கு வலி கிடையாது என்று எழுதினாலும் அப்படித்தான். ஆகவே அதற்குப் பிரக்ஞை உண்டா இல்லையா என்பதை அது எழுதுவதை வைத்துத் தீர்மானிக்கவே முடியாது, சாட்சி கலப்படமானது. உண்டு என்பவர்களும் கிடையாது என்பவர்களும் அதன் கவிதையை நீட்டிப் பேசுவது, யானையின் துதிக்கையைத் தட்டிப் பார்த்து வயிற்றைப் பற்றி முடிவு சொல்வது போலத்தான்.

பிரக்ஞையைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டாலும், அதன் கவிதை நம்மைப் பற்றி ஒன்று சொல்கிறது. அண்மையில் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஒரு நேரிசை வெண்பாவும் ஒரு புதுக்கவிதையும் கேட்டேன். (2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற வரிசையில் பதினொரு கோட்டைகளோடு செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, இந்தக் கோட்டையைப் பற்றிக் கவிதை எழுதாதவன் பாவி என்றாகிவிட்டது. யந்திரம் மட்டும் ஏன் விலகி நிற்கவேண்டும்?)

வெண்பா என்று அது தந்தது நாலு வரி நீளம் இருந்தது. வெண்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் அவ்வளவே. இரண்டாம் அடியில் ஒரு கனிச்சீர் வந்து உட்கார்ந்திருந்தது. விளத்துக்குப் பின் நிரை. தனிச்சொல்லைக் கோடு போட்டுப் பக்குவமாகத் தனியே நிறுத்தியிருந்தது, எதுகையைத்தான் காணோம். ஈற்றடியில் நாலு சீர். பிழையைச் சுட்டியதும் நன்றி சொல்லிவிட்டு வேறோர் இடத்தில் தளை தட்டியது. பிழை சுட்டியதற்கு நன்றி சொல்கிற கவிஞரை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

புதுக்கவிதை சுத்தமாக வந்தது. ராஜகிரிப் பாறைகள், களஞ்சியத்து வௌவால்கள், தேசிங்கின் குதிரை, வெயிலில் ஓர் ஆட்டுக்காரச் சிறுவன், கடைசியில் தனி வரியில் ஒற்றைச் சொல்லாக மௌனம். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே பெருமூச்சு விடவேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது. இதைப் பெயர் போடாமல் அனுப்பினால் நம் பத்திரிகைகளில் பாதி பிரசுரித்துவிடும். தெரிந்த பெயர் போட்டு அனுப்பினால் முக்கால்வாசி.

இந்த வித்தியாசத்தை யோசிக்கவேண்டும். அறுபது வருஷத்துக்கு மேலாக நம் தரப்பு சொல்லிவந்தது என்ன? யாப்பு யந்திரம் என்றோம். சீரும் தளையும் அனுபவத்தைக் கொன்றுவிடுகின்றன, மூச்சின் லயமே கவிதையின் லயம் என்றோம். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியதும், 1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுத்ததும் இந்த அடிப்படையில்தான். அன்றைக்கு அது அவசியமான கலகம். அதற்குப் பின்னால் இருந்த செய்யுள் மரபில் ரதபந்தம், நாகபந்தம் என்று கட்டம் போட்டு எழுத்தை அடுக்கிய சித்திரகவிகளும், ஆணைக்குப் பாடிய தலபுராணங்களும் குவிந்து கிடந்தன. ஊர்ப் பெயரையும் மரப் பெயரையும் மாற்றினால் ஒரு கோயிலின் புராணம் இன்னொரு கோயிலுக்குப் பொருந்தும். யந்திரம் என்ற வசை அதற்குத் தகும்.

இன்றைக்கு உண்மையான யந்திரம் வந்து நிற்கிறது. நாம் யந்திரம் என்று வைத வெண்பாவில் அது தடுக்கி விழுகிறது. நாம் மூச்சு என்று கொண்டாடியதை மூச்சே இல்லாமல் எழுதிவிடுகிறது.

காரணம் மர்மமானதல்ல. வெண்பா ஒரு விதி. இந்த யந்திரத்துக்கு விதி தெரியாது, வழக்கம்தான் தெரியும். அசையை எண்ணி அது எழுதுவதில்லை, எழுத்தை எழுத்தாகவே அது பார்ப்பதில்லை. எதற்குப் பிறகு எது வருவது வாடிக்கையோ அதைத் தருகிறது. ஆகவே அது எந்த வடிவத்தில் ஜெயிக்கிறதோ அந்த வடிவம் வாடிக்கையாகிவிட்டது என்று அர்த்தம். ந. பிச்சமூர்த்தி தளையைக் கைவிட்டபோது ஒவ்வொரு வரியும் எங்கே முறியவேண்டும் என்று அவரே தீர்மானிக்கவேண்டியிருந்தது. அதற்கு முன்மாதிரி தமிழில் அநேகமாக இல்லை. இன்றைக்கு வரி தானாக முறிகிறது. வெறுமை என்றதும் நிழல் வருகிறது, நிழலுக்குப் பின் பாட்டியின் சுருக்கம் விழுந்த கை வருகிறது. இந்தக் கையைக் கடந்த பத்து வருஷத்தில் எத்தனை கவிதைகளில் பிடித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. யந்திரம் செய்திருப்பது நம்முடைய கணக்கை நேர்செய்து மீதி எவ்வளவு என்று காட்டியதுதான்.

வெண்பாக்காரர்கள் இதைப் படித்து மீசை முறுக்கவேண்டாம். தளை பிசகாத வெண்பா ஒரு கணினிக்குக் கஷ்டமான காரியமல்ல. கொடுத்த செய்யுளின் பாவகையையும் தளையையும் தொடையையும் அலகிட்டுச் சொல்லும் அவலோகிதம் என்ற மென்பொருள் பல வருஷங்களாக இருக்கிறது. விதி தெரிந்த யந்திரத்தையும் வழக்கம் தெரிந்த யந்திரத்தையும் சேர்த்துக் கட்டினால் குற்றமற்ற வெண்பா வந்துவிடும். அப்போது கனிச்சீரைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பும் தீர்ந்துவிடும்.

புதுமை யந்திரத்துக்கு வராது என்று சொல்வதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. பகுப்பு யந்திரம் எதையும் தானாகத் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிடத் தெரிந்ததைத்தான் செய்யும் என்று ஏடா லவ்லேஸ் 1843-இல் எழுதினார். 2016-இல் ஸியோலில் லீ செடோலுக்கு எதிராகக் ‘கோ’ ஆடிய யந்திரம் இரண்டாவது ஆட்டத்தின் 37-ஆவது காய்வைப்பில் லவ்லேஸுக்கு ஒரு பதில் சொன்னது. விமர்சகர்கள் முதலில் அதைப் பிழை என்றே நினைத்தார்கள், பிறகு மலைத்தார்கள். ஜெயிப்பு, தோற்பு என்று கோடு கிழித்த பலகையில் யந்திரம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும், நிச்சயம். கவிதைக்கு அப்படிப்பட்ட பலகை கிடையாது. எதை அடைந்தால் ஜெயித்ததாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரே ஆட்டம் அது.

அப்படியானால் மனிதன் எழுதியதில் நாம் எதைத்தான் மதிக்கிறோம்? இதற்குத் தமிழில் ஒரு விசித்திரமான சாட்சி உண்டு: அவதானம். ஒரே சமயத்தில் எட்டுக் காரியங்களில் மனதை வைத்தால் அட்டாவதானம், நூறு என்றால் சதாவதானம். நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து அந்தப் பட்டத்தைப் பெற்றார். அவதானியின் முதுகில் ஒருவர் நெல்லோ பூவோ எறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் மணியடிப்பார், எத்தனை என்று கடைசியில் சொல்லவேண்டும். நடுவில் சதுரங்கம், கணக்கு, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா. இந்த வெண்பாக்களைக் கவிதை என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலானவை அந்த மேடைக்கு வெளியே நிற்காது. ஆனால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதுகில் விழுந்த பூக்களை எண்ணுவதும் மணியை எண்ணுவதும் கணினிக்கு ஒரு காரியமே அல்ல. நூறென்ன, லட்சம் எண்ணும். அதைப் பார்க்க யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு வரப்போவதில்லை. அவதானத்தின் வியப்பு எண்ணிக்கையில் இருந்ததல்ல. மனம் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பற்றும் என்று சபையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தன் மனசை வைத்தே தெரியும். அந்த ஒன்றை ஒருவர் நூறாகக் கிழித்துக்கொள்வதை, கிழிக்கிற வலி தெரிந்த நூறு பேர் பார்த்தார்கள். பிரக்ஞை என்று நான் சொல்வது இந்த வறுமையைத்தான். ஒன்றைக் கவனித்தால் இன்னொன்று நழுவும். நழுவியது திரும்பி வராது. ஆகவே எதைக் கவனிப்பது என்பது ஒரு முடிவு, அதற்கு ஒரு விலை உண்டு. கவிதையில் ஒரு சொல் கனக்கிறது என்றால், ஒருவன் தன்னிடம் குறைவாக இருக்கிற ஒன்றை அதன்மீது செலவழித்திருக்கிறான் என்றுதான் எனக்கு அர்த்தமாகிறது.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் புதிய யந்திரங்களின் அடிப்படையாக 2017-இல் எட்டுப் பேர் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பே, அவதானம் ஒன்றே போதும் என்பது. ஒரு வாக்கியத்தின் எல்லாச் சொற்களும் மற்ற எல்லாச் சொற்களோடும் எவ்வளவு தூரம் உறவுடையவை என்று ஒரே வீச்சில் எடைபோடுகிற கணக்குக்கு அவர்கள் வைத்த பெயர் அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் புழங்குகிற சொல்லில் சொன்னால் அந்த யந்திரம் எல்லாவற்றையும் அவதானிக்கிறது. எல்லாவற்றையும் அவதானிப்பது எதையும் அவதானிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாவலரின் சபைக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. 1980-இல் ஜான் ஸெர்ல் என்ற தத்துவவாதி ஒரு கற்பனை அறையைக் கட்டினார். உள்ளே சீன மொழி தெரியாத ஒருவன். கதவிடுக்கு வழியாகச் சீன எழுத்தில் கேள்விகள் வருகின்றன. எந்தக் கோட்டுருவுக்கு எந்தக் கோட்டுருவைத் திருப்பித் தரவேண்டும் என்று விதிப்புத்தகம் இருக்கிறது. பார்த்துப் பார்த்துத் தருகிறான். வெளியே இருப்பவர்கள் அவனுக்குச் சீனம் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஆகவே விதிப்படி குறிகளை மாற்றித் தருவது புரிந்துகொள்வதாகாது என்றார் ஸெர்ல். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். செஞ்சியில் ஒரு வங்கியின் கவுண்டருக்குப் பின்னால். இடுக்கு வழியாகச் சலான் வருகிறது, சுற்றறிக்கையின்படி சீட்டு போகிறது. ஸெர்ல் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு: உள்ளே இருப்பவனுக்குப் பிரக்ஞை இருந்தும் அந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை.

வங்கிகளில் யந்திரம் நுழைவது பற்றி 1983-இல் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த வருஷம் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தது. அந்தக் காலத்தவர்களிடம் பேசியிருக்கிறேன். லெட்ஜரைக் கூட்டி, பொதுப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்து, ஐந்து பைசா வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்தவர்கள். வேலை போய்விடும் என்று பயந்தார்கள், கோஷம் போட்டார்கள், நியாயமான பயம். கூட்டல் போடுகிற பிரக்ஞை போய்விடும் என்று ஒருவரும் அழவில்லை. யந்திரம் மனிதனுக்கு நிகராகுமா என்று கேட்கிறவர்கள் எந்த மணி நேரத்து மனிதனுக்கு என்று சேர்த்துக் கேட்கவேண்டும். பத்திலிருந்து நாலு மணி வரை இருக்கிற மனிதனுக்கு அது நிகராகி வெகுநாளாகிறது.

முதியோர் பணம் வாங்க ஒரு கிழவி வருகிறாள். நாற்பது வருஷம் நாற்று நட்டுக் களையெடுத்த விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. கருவி பொருந்தவில்லை என்கிறது. துடைத்து வை ஆயா என்கிறேன், புடவையில் துடைத்து வைக்கிறாள், பொருந்தவில்லை. இவள் யார் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் என்னைத் தெரியும், என் அப்பாவைத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பதற்கு அந்தக் கவுண்டரில் இடம் கிடையாது. யந்திரம் உயர்ந்து மனிதனாவதைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கும்போது, அறிந்திருப்பவனின் அறிவை ஒப்புக்குக்கூடக் கேட்காத ஏற்பாடு சந்தடியில்லாமல் முடிந்திருக்கிறது. புதுக்கவிதைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். பார்த்தவன் இருந்தான், பார்த்ததைக் கேட்காத ஒரு நடை அவனுக்காக எழுதிவிட்டது.

டூரிங்கின் விளையாட்டில் ஒரு மறைப்பு உண்டு என்றேன். செஞ்சிப் பக்கத்துக் கூத்திலும் ஒரு திரை உண்டு. மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலையும் இந்த வட்டாரத்துப் பாரதத் திருவிழாக்களையும் வைத்து ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-இல் பெரிய நூலே எழுதியிருக்கிறார். அதற்குள் நான் போகவில்லை. வேஷக்காரன் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னால் சலங்கைச் சத்தம். கட்டியக்காரன் முன்னால் நின்று, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன பெயர் என்று விசாரிக்கிறான். டூரிங்கின் விசாரணையேதான். ஆனால் அந்த விசாரணை யாரையும் ஏமாற்ற நடப்பதில்லை. துரியோதனன் என்று பதில் வருகிறது. பக்கத்து ஊர்க்காரர், நிலக்கடலை போடுகிறவர், நகைக்கடன் நிலுவை வைத்திருக்கிறவர் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் தெரியும். திரை விலகுகிறது; அவரும் தெரிகிறார், துரியோதனனும் தெரிகிறான். துகிலுரிதல் நடக்கிற ராத்திரி கற்பூரம் காட்டியதும் கூட்டத்தில் யாருக்காவது சாமி வருகிறது. ஏமாந்து வருவதில்லை. வார்த்தையும் புதிதல்ல, பாட்டும் புதிதல்ல, முடிவு எல்லாருக்கும் தெரிந்தது. ஏமாற்றுவதை வைத்து யந்திரத்தை அளக்கலாம். யாருமே ஏமாறாத இந்த இடத்தை அந்த அளவுகோலால் எப்படி அளப்பது?

பதினெட்டாம் போர் அன்று படுகளத்தில் துரியோதனனை மண்ணால் செய்து கிடத்துகிறார்கள். வண்டல் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மல்லாந்து கிடக்கிற பெரிய உருவமாக, தொடையில் வைக்கப்போகிற சிவப்புத் தண்ணீர் உட்பட, காலையிலிருந்து ஊர் பார்க்கவே நடக்கிற வேலை அது. அதன் வயிற்றில் யாரும் இல்லை. அது மண் என்று தெரிந்தே பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், தெரிந்தே பீமன் தொடையில் அடிக்கிறான், தெரிந்தே அந்தச் சிவப்பில் திரௌபதி கூந்தல் முடிகிறாள். கூட்டம் கலைகிறபோது அந்த மண்ணில் ஒரு பிடி மடியில் முடிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு.